பறவை ஒளிப்படக்கலை

காட்டிலும் வயலிலும் நீர்நிலையிலும் தன் போக்கில் திரியும் பறவையைப் படமெடுத்து, அதே ஆர்வம் உள்ளவர்களிடம் காட்டி, இனமும் விவரமும் உறுதிசெய்துகொள்ளும் கலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. அதற்கு முன்பு ஒரு பறவையை ஆராய்வதென்றால் சுட்டு வீழ்த்தி, தோலைப் பாடம் செய்து வைப்பதுதான் வழக்கம். அமெரிக்க ஓவியர் ஆடுபான் வரைந்த பறவைகளில் பெரும்பாலானவை சுடப்பட்டு, உயிருள்ளவை போலக் கம்பியால் நிறுத்திவைக்கப்பட்டவையே. கேமரா வந்ததும் நிலைமை மாறிவிடவில்லை. ஒளிப்படத் தட்டில் ஒளி பதிய நேரமாகும் என்பதால் பாடம் செய்த பறவைகளைத்தான் முதலில் எடுக்க முடிந்தது. 1882இல் பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன் ழூல் மாரே, விநாடிக்கு 12 படம் எடுக்கும் கேமரா ஒன்றைத் துப்பாக்கி வடிவிலேயே செய்து, பறக்கும் பறவைகளைப் பதிவுசெய்தார். அவர் தேடியது இறக்கை அசையும் விதத்தை. பறவையின் வாழ்க்கை அவருடைய அக்கறை அல்ல.

கூட்டருகே தொடக்கம்

பறவை தவறாமல் திரும்பி வந்து அமரும் இடம் கூடு. கனமான கேமராவை அங்கே முன்கூட்டியே நிறுத்தி, குவியத்தைச் சரிசெய்துவிட்டுக் காத்திருக்கலாம். தொடக்க காலப் படங்கள் கூட்டையே சுற்றிவந்ததற்கு இதுதான் காரணம். யார்க்ஷயரைச் சேர்ந்த ரிச்சர்டு, செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் முட்டைகளோடு ஒரு கூட்டைப் படமெடுத்தனர். இயற்கைச் சூழலில் எடுத்த படங்களோடு 1895இல் வெளிவந்த அவர்களுடைய நூல் பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளைப் பற்றியது. அதே காலத்தில் ஆர். பி. லாட்ஜ், அடைகாக்கும் ஆள்காட்டி இனப் பறவை ஒன்றைப் படமாக்கினார்.

அருகே போவதற்குக் கியர்ட்டன்கள் செய்த தந்திரங்களில் புகழ்பெற்றது பொய் மாடு. உண்மையான மாட்டுத்தோலை மரச்சட்டத்தின் மேல் போர்த்தி, உள்ளே ஓர் ஆள் கூனிக்குறுகி நிற்க இடம் விட்டு, லென்ஸுக்கு ஒரு துளையும் வைத்தார்கள். மேய்ச்சல் நிலத்துப் பறவைகளுக்கு மாடு பழகிய உருவம். ஒருமுறை நெடுநேரம் உள்ளே குனிந்து நின்ற ரிச்சர்டு மயங்கிச் சரிய, மாடு நான்கு காலையும் வானத்தை நோக்கி நீட்டியபடி கவிழ்ந்தது. தம்பி செர்ரி அதை ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் அண்ணனை மீட்டாராம்.

எம்மா டர்னர் 1911இல் நார்போக் நாணல் காட்டில் எடுத்த படத்தின் மதிப்பு வேறு வகையானது. பிட்டர்ன் என்ற நாணல் குருகு, பிரிட்டனில் குஞ்சு பொரிப்பதையே விட்டுவிட்டதாகக் கருதப்பட்டுவந்தது. அதன் குஞ்சை அவர் படமெடுத்துக் காட்டினார். துப்பாக்கி தராத சான்றை ஒளிப்படம் தந்தது. பிரிட்டிஷ் பறவை ஒளிப்படக்காரர் எரிக் ஹோஸ்கிங்குக்கு இந்தக் கலை ஒரு கண்ணைப் பறித்தது. 1937இல் ஆந்தை தாக்கி இடக்கண்ணை இழந்த பிறகும் அவர் தொழிலை விடவில்லை.

படங்கள் கைமாறிய விதம்

1899இல் பிரிட்டனில் அமைந்த விலங்கியல் ஒளிப்பட மன்றம் தபாலை நம்பி இயங்கியது. படக்கட்டு ஒன்று உறுப்பினர் வீடுகளைச் சுற்றிவரும். ஒவ்வொருவரும் பிறருடைய படங்களைப் பற்றிக் குறிப்பெழுதி, தம்முடையதையும் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள். விமர்சனம் வந்துசேர நாளாகும் என்பதால் அவசரத்தில் எழுதும் பாராட்டுக்கு அங்கே இடமில்லை என்று கொள்ளலாம்.

இந்தியாவில் இ. எச். என். லோதரின் பறவைப் பட அனுபவ நூல் 1949இல் வெளிவந்தது. சிங்கப்பூர்த் திரையரங்க அதிபர் லோக் வான் தோ இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயில் தங்கி, பறவையியலாளர் சாலிம் அலியின் நண்பரானார். அவருடன் பல பயணங்கள் போய்ப் பறவைகளைப் படமெடுத்தார். தமிழ்நாட்டில் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) தனி ரகம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஒரு கேமராவின் உடலையும் வேறொன்றின் லென்ஸையும் இணைத்து, தாமே சேர்த்த கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். வண்ணப்படம் வந்த பிறகும் கருப்பு வெள்ளையை விடவில்லை. யானைப் படங்களால் பெயர் பெற்றவர் என்றாலும், பறவையை அது வாழும் இடத்தோடு சேர்த்துப் பார்க்கும் கண் அவருடைய எழுத்திலும் படத்திலும் ஒன்றே.

டிஜிட்டல் காலம்

ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு. டெலி லென்ஸும் ஆட்டோஃபோகஸும் டிஜிட்டல் கேமராவும் சேர்ந்து அந்தக் கணக்கை மாற்றின. 1999இல் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ, தொலைநோக்கியில் கண் வைக்கும் வில்லையருகே சிறு டிஜிட்டல் கேமராவை வைத்துப் படமெடுத்த முறை வேகமாகப் பரவியது. பெரிய லென்ஸ் வாங்க முடியாதவர்களுக்கு அது வரம்.

2006இல் அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் பகுதியிலிருந்து ‘புகுன் லியோசிக்லா’ என்ற புதிய இனம் அறிவிக்கப்பட்டது. கண்டறிந்த ரமணா ஆத்ரேயா தொழிலால் வானியற்பியலாளர். தென்பட்ட பறவைகள் மிகச் சிலவே என்பதால் ஒன்றையும் கொல்லாமல், பிடித்துப் படமெடுத்து, உதிர்ந்த இறகுகளை வைத்துக்கொண்டு, பறக்கவிட்டார். 2020இல் இந்தோனேசியப் போர்னியோவில் உள்ளூர்க்காரர் இருவர், பெயர் தெரியாத பறவை ஒன்றைப் பிடித்துப் படமெடுத்து விட்டுவிட்டு, பறவை நோக்கர்களுக்குப் படத்தை அனுப்பினார்கள். 170 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே ஒரு பாடம் செய்த உடலால் மட்டும் அறியப்பட்ட கரும்புருவச் சிலம்பன் அது. படத்தைப் பார்க்கத் தெரிந்தவர் கையில் அது சேர்ந்திராவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பே இல்லை.

இந்தக் கலை பிறந்த கூட்டருகே இன்று யாரும் பெருமையாகப் போவதில்லை. கூட்டை மறைக்கும் கிளைகளை ஒடித்துப் படமெடுத்தால் வெயிலும் காக்கையும் குஞ்சுகளைப் பதம் பார்த்துவிடும். பெற்றோர் கூட்டையே கைவிடுவதும் உண்டு. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, அட்டவணையிட்ட அரிய பறவைகளைக் கூட்டில் படமெடுக்க உரிமம் வேண்டும். இந்தியாவில் போட்டி நடத்தும் அமைப்புகள் பலவும் கூடுப் படங்களை ஏற்பதில்லை. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், இரை போட்டு இழுப்பதும் ஆர்வலர்களிடையே ஓயாத சச்சரவு. பகிர்வதிலும் கட்டுப்பாடு வந்துவிட்டது. படத்தைக் காட்டுவார்கள், எடுத்த இடத்தைச் சொல்ல மாட்டார்கள். 2002இல் தொடங்கிய இ-பேர்ட் பறவைத் தரவுத்தளமும் வேட்டைக்கும் தொந்தரவுக்கும் எளிதில் இலக்காகும் இனங்களின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்தே வைக்கிறது.