விளம்பரம் இல்லாத கலைக்களஞ்சியமும் மலிவான இயந்திரங்களும்

விக்கிப்பீடியாவின் வரலாறு என்றவுடன் தன்னார்வலர்களின் உழைப்பே நினைவுக்கு வருகிறது. அவ்வுழைப்பு விளம்பரதாரரின் தயவின்றி நிலைபெற்றதற்கு ஒரு பொருளியல் காரணமும் உண்டு.

2001 ஜனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியா, முதலில் ஜிம்மி வேல்சின் போமிஸ் நிறுவன ஆதரவில் இயங்கியது. விளம்பரம் நுழையக்கூடும் என்ற அச்சத்தால் 2002இல் ஸ்பானியப் பங்களிப்பாளர்கள் பலர் பிரிந்து சென்று தனிக் கலைக்களஞ்சியம் கண்டனர். 2003இல் விக்கிமீடியா அறக்கட்டளை உருவாகி, நன்கொடையே வழி என்றானது. ஆனால் வாசகர்கள் பெருகப் பெருக, இருந்த ஓரிரு வழங்கிகள் திணறின.

விடை 2004இல் ஸ்க்விட் என்னும் பதிலி வழங்கி மென்பொருள் வழியே கிடைத்தது. தொண்ணூறுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடந்த ஹார்வெஸ்ட் ஆய்வுத் திட்டத்தின் வழித்தோன்றல் அது. பொது நிதியில் வளர்ந்த கட்டற்ற மென்பொருள். நிறுவனங்கள் தம் பயனர்களின் இணைப்புச் செலவைக் குறைக்கப் பெரிதும் பயன்படுத்திய அது, இங்கே தளத்தின் வாயிலில் நிறுத்தப்பட்டது.

அதன் தர்க்கம் எளியது. கணக்கில் புகுபதியாத வாசகர் அனைவருக்கும் ஒரு கட்டுரை ஒரே வடிவில்தான் தெரியும். ஒருமுறை உருவான பக்கத்தைப் பதிலி வழங்கி சேமித்து, அடுத்து வருவோருக்குத் தானே அளிக்கும். கட்டுரை திருத்தப்பட்டால் மட்டும் பழைய படியை நீக்கும். ஆகவே பெரும்பாலான கோரிக்கைகள் தரவுத்தளத்தை எட்டுவதே இல்லை. இப்பணிக்கு விலையுயர்ந்த பெருங்கணினி வேண்டியதில்லை. சாதாரண இயந்திரங்களை வரிசையாக வைத்தால் போதும். ஒன்று பழுதானால் மற்றவை சுமையை ஏற்கும். 2005இல் ஆம்ஸ்டர்டாமிலும் சியோலிலும் இத்தகைய வழங்கிகள் வாசகர்களுக்கு அருகிலேயே நிறுவப்பட்டன.

இச்சிக்கனத்தின் அடிப்படை, வாசிப்போர் மிகப் பலர், எழுதுவோர் மிகச் சிலர் என்ற ஏற்றத்தாழ்வு. புகுபதிந்து எழுதுபவருக்கான பக்கங்களைத் தனித்தனியே உருவாக்க வேண்டியிருப்பதால், செலவு மிகுவது அங்கேதான். அறிவுற்பத்தியின் குறையாக நாம் சுட்டும் அதே ஏற்றத்தாழ்வுதான் அந்த அறிவை நன்கொடைக்குள் அடங்கும் செலவில் பரப்பவும் உதவியது.

2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வமைப்பின் பயனாளியே. விளம்பரச் சந்தை தமிழுக்கு ஒரு விலையையும் ஆங்கிலத்துக்கு வேறொரு விலையையும் இட்டிருக்கும். பதிலி வழங்கிக்கு அவ்வேறுபாடு இல்லை. கேட்கப்பட்ட பக்கம் கையிருப்பில் உள்ளதா என்பது மட்டுமே அதன் கேள்வி. பொதுவெளி அறிவின் வரலாற்றை எழுதுவோர், உரிமங்களோடும் கொள்கைகளோடும் இந்தச் சேமிப்புக் கிடங்குகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.