சிவப்பு நூலின் கதை

காதல் நாவல்களில் ஒரு பழைய வாய்பாடு உண்டு. நாயகனும் நாயகியும் முதல் அத்தியாயத்திலேயே முட்டிக்கொள்வார்கள். நடுவில் ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். எவ்வளவு ஓடினாலும் கடைசி அத்தியாயத்தில் விதி இருவரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். வாசகருக்கும் இது முன்பே தெரியும். ஆனாலும் விடாமல் படிப்பார்! சீனாவிலும் ஜப்பானிலும் வரும் இத்தகைய கதைகளில் அந்த விதிக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிவப்பு நூல். அதன் வயது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல்.

நிலா வெளிச்சத்தில் ஒரு கிழவர்

தாங் வம்சம் சீனாவை கி.பி. 618 முதல் 907 வரை ஆண்டது. 9ஆம் நூற்றாண்டில் லீ ஃபூயென் என்பவர் விசித்திரமான கதைகளை எழுதித் தொகுத்தார். அவற்றில் ஒன்றின் பெயர் 'நிச்சயதார்த்த விடுதி'.

கதை இதுதான். வெய் கூ என்ற இளைஞனுக்குச் சீக்கிரம் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. எந்த வரனும் அமையவில்லை. ஒருமுறை சோங்செங் என்ற ஊரில் தங்குகிறான். பெண் விஷயமாகப் பேச ஒருவர் வரச் சொல்லியிருந்தார். விடிவதற்கு முன்பே போய்விடுகிறான். அங்கே கோயில் படியில் ஒரு கிழவர் நிலா வெளிச்சத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். அது உலகத்தார் அனைவரின் திருமணப் பதிவேடாம். பக்கத்தில் ஒரு பை. அதில் சிவப்புக் கயிறுகள். குழந்தைகள் பிறந்ததுமே கணவன், மனைவி ஆகப்போகிறவர்களின் கால்களை இவர் கட்டிவிடுவார். பகைக் குடும்பமானாலும், ஏழை பணக்காரன் ஆனாலும், தூர தேசமானாலும் அந்தக் கட்டு அவிழாது.

"என் மனைவி எங்கே?" என்று கேட்கிறான் வெய் கூ. சந்தையில் காய்கறி விற்கும் ஒற்றைக்கண் கிழவியின் இடுப்பில் இருக்கும் 3 வயதுக் குழந்தையைக் காட்டுகிறார் அவர். வெய் கூவுக்கு ஆத்திரம். குழந்தையைக் கொன்றுவிடும்படி வேலைக்காரனை அனுப்புகிறான். கத்தி நெஞ்சுக்குப் பதிலாகப் புருவங்களுக்கு நடுவே படுகிறது. குழந்தை பிழைத்துக்கொள்கிறது.

14 ஆண்டுகள் கழித்து ஓர் ஆளுநர் தன் வீட்டுப் பெண்ணை வெய் கூவுக்குக் கட்டிவைக்கிறார். அழகான பெண். ஆனால் நெற்றியில் பூ வடிவப் பொட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டே இருக்கிறாள். குளிக்கும்போது கூட எடுப்பதில்லை. காரணம் கேட்டபோது அடியில் இருந்த தழும்பு தெரியவருகிறது... அவளேதான் அந்தக் குழந்தை!

கயிற்றுக்குப் பின்னால் இருந்த சமூகம்

அன்றைய சீனாவில் திருமணம் இரண்டு குடும்பங்களின் ஏற்பாடு. பெரியவர்கள் முடிவு செய்வார்கள், தரகர் நடுவில் நிற்பார். 653இல் வந்த தாங் சட்டத்தொகுப்பின்படி, நிச்சயம் செய்துவிட்டுப் பெண் வீட்டார் பின்வாங்கினால் 60 தடியடி. மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினால் கொடுத்த சீர் மட்டும் திரும்பாது. அடிமைகளும் சுதந்திரமானவர்களும் மணந்துகொள்ளத் தடை இருந்தது. பழைய பெருங்குடிகள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. இதை உடைக்க 659இல் பேரரசர் காவோசோங் தடை ஆணையே போட்டார். அப்போதும் அந்தக் குடிகளின் மவுசு குறையவில்லை.

இப்படி அந்தஸ்து பார்த்த ஊரில், "விதிக்கு ஏழை பணக்காரன் கிடையாது" என்று ஒரு கிழவர் சொன்னால் அது பெரிய பேச்சு அல்லவா?

ஆனால் முடிவைப் பாருங்கள். அந்தப் பெண் உண்மையில் காய்கறிக்காரியின் மகளே அல்ல. பதவியில் இருந்தபோது இறந்துபோன ஓர் அதிகாரியின் மகள். அந்தக் கிழவி அவளை வளர்த்த செவிலித்தாய். மணமுடித்து வைத்த ஆளுநர் அவளுடைய சித்தப்பா. ஆக, அதிகாரி வீட்டுப் பெண்ணைத்தான் வெய் கூ கட்டிக்கொண்டான். பகையையும் தூரத்தையும் தாண்டிய கயிறு, அந்தஸ்தை மட்டும் தாண்டவில்லை!

இன்னொன்று. குழந்தையைக் கொல்லச் சொன்னவனுக்குக் கதையில் தண்டனையே இல்லை. உண்மை தெரிந்தபின் இருவரும் முன்னைவிட மதிப்போடு வாழ்ந்தார்கள் என்று கதை முடிகிறது. அவள் மனதில் என்ன ஓடியது என்று சொல்லப்படவில்லை. விதி என்ற ஒரு சொல், கேட்க வேண்டிய கேள்வியை மூடிவிட்டது. அந்தப் பொட்டு தழும்பை மூடியதைப் போல.

நூல் போன தூரம்

978இல் முடிக்கப்பட்ட 'தாய்பிங் குவாங்ஜி' என்ற 500 பகுதிகள் கொண்ட பெருந்தொகுப்பில் இந்தக் கதையும் சேர்ந்தது. நிலாக் கிழவர் 'யூயே லாவ்' என்ற பெயரில் தெய்வமானார். தரகர்களையும் அந்தப் பெயரால் அழைத்தார்கள். இன்றும் தாய்பேயின் லோங்ஷான் கோயிலில் இளைஞர்கள் அவரிடம் சிவப்பு நூல் வேண்டி நிற்கிறார்கள். ஜப்பானில் கயிறு காலிலிருந்து சுண்டுவிரலுக்கு ஏறியது. 2016இல் வந்த 'யுவர் நேம்' அனிமேஷன் படத்தில் அது தலைமுடியைக் கட்டும் சிவப்புக் கயிறாக வருகிறது.

வழியில் ஒரு மாற்றமும் நடந்திருக்கிறது. பழைய கதையில் கயிறு கட்டியது கிழவர், மணமுடித்தது சித்தப்பா. பெண்ணை யாரும் கேட்கவில்லை. இன்றைய கதைகளில் நூலின் இரண்டு முனையிலும் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் போகிறார்கள். நூலை விதி கட்டட்டும், பிடித்துக்கொண்டு நடப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளில் அந்த நூல் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்.