கோச், கன்சல்டன்ட்

கோவை பவுண்டரி, பம்ப்செட் முதலாளிகளின் மேசையில் இப்போது இரண்டு வகை விசிட்டிங் கார்டுகள். ஒன்றில் ‘எக்ஸிக்யூட்டிவ் கோச்’, இன்னொன்றில் ‘பிசினஸ் கன்சல்டன்ட்’. யாருக்குக் காசு கொடுப்பது?

‘கோச்’ ஓர் ஊர்ப்பெயர். ஹங்கேரியில் கோச் என்ற கிராமத்தில் 15ஆம் நூற்றாண்டில் செய்த குதிரை வண்டிக்கு ஊரின் பெயரே நிலைத்தது. நம் ரயில் கோச்சும் அந்த வழிதான். 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சையைத் தாண்ட வைக்கும் தனி வாத்தியாரைக் கிண்டலாக அப்படி அழைத்தார்கள். விளையாட்டுத் திடலுக்குப் போனது பிறகு, கம்பெனிக்குள் வந்தது அதற்கும் பிறகு. வண்டி ஏறியவரைத்தானே கொண்டு சேர்க்கும்? கோச்சுக்கு வேலை முதலாளியிடம்தான்: அவர் கோபம், எதையும் பிரித்துக் கொடுக்காத கை, மகனோடு நின்றுபோன பேச்சு.

‘கன்சல்டன்ட்’ லத்தீன் வழி வந்தது. கலந்து பேசுதல் என்று பொருள். நாம் சொல்லும் ‘ஆலோசகர்’ வடமொழி. அதன் வேருக்குப் பார்த்தல் என்று அர்த்தம். கண்ணைக் குறிக்கும் ‘லோசனம்’ அதற்குச் சொந்தம். 1956இல் கோவையில் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ரா, நூற்பாலைகளில் பஞ்சுக் கழிவையும் கரண்ட் செலவையும் அளந்து சொல்வது இந்த வேலைதான். கழிவு கூடினால் கோச்சைக் கூப்பிட்டுப் பயனில்லை.

ஆலோசனைக்குப் பழந்தமிழில் ‘சூழ்ச்சி’ என்று பேர். இன்று அதைக் கார்டில் அச்சடிக்க முடியாது.