பாவும் ஊடையும்: கூரத்தில் ஒரு வாசிப்பு

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் சிற்றூரின் பெயரைப் பல்லவர் வரலாறு பயின்றோர் நன்கறிவர். முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகள் அங்குக் கிடைத்தன. வடமொழியும் தமிழும் கொண்ட அவற்றை ஹுல்ட்ஷ், தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் 1890ஆம் ஆண்டு பதிப்பித்தார். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அச்சாசனத்தைப் போர்ச் செய்திகளுக்காகவே பெரும்பாலோர் எடுத்துக்காட்டுவர். எனது கவனத்தை ஈர்த்தது அதிலுள்ள ஒரு பங்கீடு. பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் 25 பங்குகளாக்கப்படுகிறது. அவற்றுள் 20 பங்கு நான்மறை கற்ற இருபதின்மருக்கு. மூன்று, கூரத்துச் சிவன் கோயிலின் வழிபாட்டுக்கும் பழுதுபார்ப்புக்கும். ஒன்று, கூரத்து மண்டபத்திற்கு நீரும் நெருப்பும் தருவதற்கு. எஞ்சிய ஒன்று, அம்மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு.

வாசிக்கப்பட்டது பிற சமயத்தாரின் நூல். எனினும் ஏற்பாடு நமக்குப் புதிதன்று. கிதாபு ஓதுவதற்கென நிலங்களை வக்ஃபு செய்த முன்னோரின் வழிவந்தவர்கள் நாம். தண்ணீருக்கும் நெருப்புக்கும் சேர்த்து ஒரு பங்கு, வாசிப்புக்குத் தனியே ஒரு பங்கு என்று அளந்து வைத்த அந்தக் கணக்கை எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன். ஆனால் கேட்க அமர்ந்திருந்தவர் யார்? பல்லவர் சாசனங்களில் தறி வரிப்பொருளாக வருகிறது. தறியில் இருந்தவன் மண்டபத்திலும் இருந்தானா என்பதைச் செப்பேடு சொல்லவில்லை.

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பில் 'ஹிதாயா' பாடம் நடந்துகொண்டிருந்தது. இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் (மறைவு ஹி. 593 / கி.பி. 1197) இந்நூலை ஹனஃபி மத்ரஸாக்கள் எல்லாம் ஓதுகின்றன. திருமணத்தில் மணமக்களின் தகுதி நிகர்வு பற்றிய பகுதியில் தொழிலும் பேசப்படுகிறது. தொழிலைக் கருத வேண்டியதில்லை, மிகத் தாழ்ந்தவை நீங்கலாக, என்ற இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் கூற்றுக்கு எடுத்துக்காட்டாக மூவர் வருவர்: இரத்தம் குத்தி எடுப்பவர், நெசவாளர், தோல் பதனிடுபவர். வாசித்துக்கொண்டிருந்த மாணவர் 'ஹாயிக்' என்ற சொல்லில் நின்றுவிட்டார். அவருடைய தந்தை கூரத்திற்கு அருகே கூலிக்குப் பட்டு நெய்பவர். "ஹஜ்ரத், இன்றைக்கு என்ன ஓதினாய் என்று அத்தா தினமும் கேட்பார்கள், இதை எப்படிச் சொல்வேன்?" என்றார்.

தொழில் மனிதனோடு ஒட்டிப் பிறந்ததன்று, தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததற்கு மாறிக்கொள்ளலாம் என்று அதே பக்கத்தில் மாற்று வாதமும் உண்டு. அதை எடுத்துச் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை. தெளியாததில் நியாயம் இருந்தது. அவருடைய தந்தை மாற வேண்டும் என்பதுதானே அதன் பொருள்?

அன்று முதல் நூல்களைப் புரட்டலானேன். இமாம் முஹம்மது அஷ்ஷைபானி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹி. 189 / கி.பி. 805) 'கிதாபுல் கஸ்பு' என்று உழைத்து ஈட்டுவதைப் பற்றியே ஒரு நூல் செய்தார்கள்; ஸர்கஸீயின் விரிவுரை வழியாக அது நமக்குக் கிடைக்கிறது. கூலிவேலை, வாணிபம், வேளாண்மை, கைத்தொழில் என ஈட்டும் வழிகள் நான்கு. ஆகுமானவை என்ற அளவில் பெரும்பாலான சட்ட அறிஞர்களிடம் நான்கும் சமமே என்கிறது அந்நூல். அதன் வாதம் எளிமையானது, ஆனால் ஆழமானது. தொழுகைக்குத் தூய்மை வேண்டும். தூய்மைக்கு நீர்க்குடமும் கயிறும் வேண்டும். மறைக்க ஆடை வேண்டும். உழைப்பின்றி இவை வாரா. ஆகவே உழைப்பு வணக்கத்திற்கு வெளியே நிற்பதன்று.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் 'இஹ்யா'வில் இப்பொருளுக்கென ஒரு கிதாபை ஒதுக்கினார்கள். தொழில்கள் கைவிடப்பட்டால் மக்களின் வாழ்வு அழியும். ஆகவே சமுதாயக் கடமையை நிறைவேற்றும் எண்ணத்தோடு தொழிலில் அமர வேண்டும் என்பது அவர்களது போதனை. அதே கிதாபில், சிந்தனைக் குறைவுடையோர் என மக்களால் கருதப்படும் நான்கு தொழிலினரைக் குறிப்பிடுகிறார்கள். நெசவாளர், பஞ்சுக்காரர், கதிர்த் தொழிலினர் ஆகியோரோடு நான்காமவர் யார் தெரியுமா? பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்! மாணவரிடம் இதைக் காட்டினேன். "பார்த்தீர்களா, உங்கள் அத்தாவும் நானும் ஒரே வரிசையில் இருக்கிறோம்" என்றேன். அன்றுதான் அவர் சிரித்தார்.

இமாம் குஷைரி (ரஹ்) தமது 'ரிஸாலா'வில் சொல்லும் வரலாறு இன்னும் நெருக்கமானது. ஸாமர்ராவைச் சேர்ந்த முஹம்மது இப்னு இஸ்மாயில் என்பவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். கூஃபாவின் வாயிலில் ஒருவன் அவரைப் பிடித்து, நீ என் அடிமை, உன் பெயர் கைர் என்றான். அவர் மறுக்கவில்லை. பல ஆண்டுகள் 'கஸ்' என்னும் துணியை நெய்யவைத்தான். பிறகு தான் தவறிவிட்டதாகச் சொல்லி விடுவித்தான். விடுதலையான பின்னும் அவர் அப்பெயரைக் கைவிடவில்லை. ஹி. 322இல் மறைந்த கைர் அந்நஸ்ஸாஜ், அதாவது நெசவாளர் கைர், சூஃபிகளின் பெரும் ஆசானாக அறியப்படுவது இவ்வாறே. அநீதியை ஏற்றதை நான் புகழவில்லை. அதில் எனக்கு இன்றும் தயக்கம் உண்டு. வசைச்சொல்லாக வழங்கிய ஒரு தொழிற்பெயர் பட்டமாக மாறியதையே எடுத்துக்காட்டுகிறேன்.

நம் மண்ணில் இதற்கு நிகராகத் தக்கலை பீர் முஹம்மது அப்பா இருக்கிறார்கள். தென்காசியிற் பிறந்து தக்கலையில் நிலைத்த அவர்கள் நெசவு செய்து வாழ்ந்தார்கள் என்பது மரபு. 'ஞானப்புகழ்ச்சி', 'ஞானக்குறம்' முதலிய மெய்ஞ்ஞான நூல்களைத் தமிழில் யாத்தவர்கள். ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் 'ஞானப்புகழ்ச்சி' அங்கே இரவு முழுவதும் கூடிப் பாடப்படுகிறது. கூரத்தில் வாசிப்பவனுக்குப் பங்கு வைத்தார்கள். தக்கலையில் ஊரே வாசிக்கிறது. நூலை இயற்றியவர் தறியில் இருந்தவர் என்னும்போது, கேட்க அமர்ந்தவன் யார் என்ற வினாவே அங்கு எழுவதில்லை.

சென்ற ஆண்டு கூரத்துக் கோயிலைக் காணச் சென்றபோது அம்மாணவரின் இல்லத்துக்கும் போனேன். இப்போது அவர் ஓர் ஊரில் இமாம். விடுமுறைக்கு வந்திருந்தார். குழித்தறியில் தந்தை கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தார். அதற்கு உடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர் என இருவர் வேண்டும். கரைப் பக்கம் மகன் அமர்ந்திருந்தார். வேலை நின்றதும் 'ஹிதாயா'வைக் கொணர்ந்தார், ஆனால் வேறு பக்கம். ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது. ஆயினும் பாவு பட்டாகவும் ஊடை வேறு நூலாகவும் இருந்தால் உடுத்தலாம். அதற்கு நூலாசிரியர் கூறும் காரணத்தை மகன் தமிழில் விளக்கினார்: துணி துணியாவது நெய்வதால், நெய்வது ஊடையால், ஆகவே ஊடையே கணக்கு, பாவு அன்று.

பெரியவர் சற்று யோசித்தார். "எழுதியவர் தறிக்கு அருகில் நின்று பார்த்திருக்கிறார், ஹஜ்ரத்" என்றார். பிறகு, "ஆனால் பாவு போட்டுப் பார்த்ததில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் வேலையே நின்றுபோகும். ஊடை அறுந்தால் முடிந்துகொண்டு போகலாம். இதையும் அதன் பக்கத்தில் எழுதிவையுங்கள்" என்று மகனிடம் சொன்னார்.

மகன் பென்சிலை எடுத்து ஓரத்தில் அரபியில் எழுதினார். இழை அறுவதற்கு என்ன சொல் என்று என்னைக் கேட்டார்.