செக்ரோலில் உள்ள பெயர் யாருக்குச் சொந்தம்?

கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு வந்து நிற்கும் ஆள்களின் பெயரைத் தோட்டத்து எழுத்தரான கிராணி கூப்பிடுவார்; வந்தவர் பெயருக்கு நேரே அன்றைய கட்டத்தில் குறி விழும். பால்வெட்டா, புல்வெட்டா, முழு நாளா, அரை நாளா, முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும். மாதக் கடைசியில் அதைக் கூட்டித்தான் சம்பளம். இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவர 1907-இல் தொடங்கிய குடியேற்ற நிதிக்குத் தோட்டங்கள் கட்ட வேண்டிய தொகையும் ஆள்கள் வேலைசெய்த நாள்களை வைத்தே கணக்கிடப்பட்டது. செக்ரோல், கணினி வருவதற்கு முன்பே இருந்த தரவுத்தளம். இதன் மீது எவருக்கும் பதிப்புரிமை போன்ற தனியுரிமை தரக் கூடாது, இதைக் காக்கும் கடமையைத்தான் சட்டம் விதிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வெறும் தரவுகளின் தொகுப்பையும் காக்கிறது. ஆனால் தேர்விலும் அடுக்கிலும் அறிவுப் படைப்பு தெரிய வேண்டும் என்கிறது. வேலைக்கு வந்தவர் எல்லாரையும் எழுதியாக வேண்டிய ஏட்டில் தேர்வு ஏது? கட்டங்களோ எல்லாத் தோட்டத்துக்கும் பொதுவானவை. அகரவரிசைத் தொலைபேசிப் புத்தகத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உழைப்பு மட்டும் போதாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2007-இல் சொன்னது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2017-இல் அதே வழியில் சென்றது. இந்த அளவுகோலில் செக்ரோல் தேறாது; தேறாததே நல்லது.

பாடுபட்டுத் தொகுத்தவருக்குப் பலன் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வியர்வைதான் அளவுகோல் என்றால், இந்த ஏட்டில் பதிவானது யாருடைய வியர்வை? கிராணியின் உழைப்பு ஒரு பங்கு; மரம் மரமாக நடந்து பால் வெட்டியவர் உழைப்பே மீதியெல்லாம். தனியுரிமை என்று வந்தால் அது இந்த இருவருக்கும் போகாது, முதலாளிக்கே போகும். ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் தரவுத்தள முதலீட்டுக்கென்றே 15 ஆண்டு உரிமை கொடுத்தது. அங்கும் 2004-இல், தொழிலை நடத்தும்போது தானாகப் பிறக்கும் தரவுக்குச் செலவிட்டதை அந்த முதலீடாகக் கொள்ள முடியாது என்று குதிரைப்பந்தய வழக்கில் தீர்ப்பானது. அந்த உரிமையால் தரவுத்தள உற்பத்தி பெருகியதாக நிரூபணம் இல்லை என்று ஐரோப்பிய ஆணையமே 2005-இல் எழுதியது. செக்ரோல் சம்பளத்துக்காக எழுதப்பட்டது. தனியுரிமை இல்லாததால் எந்தத் தோட்டமும் அதை எழுதாமல் விடவில்லை.

ஏடுகளுக்கு உண்மையான இழப்பு வேறு வழியில் வந்தது. 1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியதும் தோட்டங்கள் கைமாறின. அதைத் தடுக்க 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான். நிலத்தைக் காக்க ஓர் அமைப்பு பிறந்தது. ஏடுகளைக் காக்க எதுவும் பிறக்கவில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளர் பதிவேட்டை ஆறு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. அதற்குமேல் கொளுத்தினாலும் அந்தச் சட்டப்படி குற்றமில்லை. 2003-ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் அரசுப் பதிவேடுகளை அனுமதியின்றி அழிக்கத் தடை விதிக்கிறது; கம்பெனியின் செக்ரோலுக்கு அந்தக் காப்பு இல்லை. அந்த இழப்பின் கனத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1942-43-இல் ஜப்பானியரால் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழர்கள் ஏராளம். ஒரு தோட்டத்தின் 1941-ஆம் ஆண்டுச் செக்ரோலையும் 1946-ஆம் ஆண்டுச் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விடுபட்ட பெயர்கள் விசாரணைக்கு முதல் ஆதாரமாகும். ஏடு போய்விட்டால் அந்த ஒப்பீட்டுக்கும் வழியில்லை.

ஏடுகளைத் திறந்து வைத்தால் தனிமனித அந்தரங்கம் கெடாதா என்ற தயக்கமும் உண்டு. உயிரோடு இருப்பவரின் கடன், நோய், அடையாள எண் ஆகியவை காக்கப்பட வேண்டியவையே. ஆண்டு எல்லை வைத்து, அண்மைக் கால ஏடுகளை மூடிவைத்தால் அந்தக் கவலை தீரும். ஆறு ஆண்டு முடிந்த செக்ரோலை அழிக்குமுன் அலோர் ஸ்டாரில் உள்ள ஆவணக் காப்பகக் கிளைக்குக் கொடுக்க முன்வருவதைத் தோட்ட நிர்வாகங்களுக்குச் சட்டம் கட்டாயமாக்கட்டும். தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் பாட்டன் பெயரைத் தேட எவர் அனுமதியும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது.