ஆவிரையும் பாலாறும்

தோல் தொழில் இருக்கும்வரை பாலாறு கெட்டுத்தான் கிடக்கும் என்று பேசிப் பழகிவிட்டோம். அந்தத் தொழில் நடக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரம் தொடர்பான நூல்களைத் துறை பார்க்காமல் சேர்த்துப் படித்தால் அந்தப் பேச்சு நிற்காது. தொழில் பழையது, இவ்வளவு பெரிய கேடு புதியது. தோல் பதனிடப் பட்டை தந்த ஆவிரையிலிருந்தே, அதாவது ஆவாரஞ்செடியிலிருந்தே, தொடங்கலாம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களில் அதுவும் ஒன்று; மடலேறத் துணிந்த தலைவனோடு குறுந்தொகை சேர்த்துச் சொல்வதும் அந்தப் பூவைத்தான். கவிதை தோல் தொழிலுக்குச் சான்றாகுமா? ஆகாது. ஆனால் அந்தச் செடி இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அதன் பட்டையைக் கொண்டு சென்னை மாகாணம் தோல் பதனிட்ட கதைக்கு ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1904இல் எழுதிய ஆய்வு நூலுக்குப் போகவேண்டும். ஆவாரம் பட்டைச் சாற்றுக் குழிகளில் தோல் வாரக்கணக்கில் ஊறும். அப்படிப் பதமான தோல் கப்பலேறி லண்டன் ஏலச் சந்தைக்குப் போகும். பின்னாளில் வாட்டில் பட்டை ஆவாரத்தின் இடத்தைப் பிடித்தது. அப்போதும் வேலையின் வேகம் பட்டையின் வேகம்தான்.

அந்த வேகத்தை மாற்றியது அரசின் கொள்கை. 1970களின் தொடக்கத்தில், சீதாராமய்யா குழுவின் பரிந்துரையை ஒட்டி, அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுதாகப் பதனிட்ட தோலும் செருப்பும் ஊக்கம் பெற்றன. பட்டைக்குப் பதிலாகக் குரோம் கொண்டு பதனிடும் முறை பரவியது. வாரக்கணக்கில் நடந்த பதனீடு ஓரிரு நாளில் முடிந்தது; அதே இடத்தில் பல மடங்கு தோல் பதனிட முடிந்தது. ஆற்றைக் கெடுக்கும் உப்பு அன்றும் இருந்ததே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பிடுவது பழைய வழக்கம், அந்த உப்பு அன்றும் நீரில் கரைந்தது. ஆனால் குரோம் ஏற்றுமுன் தோலை அமிலத்திலும் உப்பிலும் ஊறவைக்கவேண்டும். முறையும் அளவும் சேர்ந்தே உப்பைப் பெருக்கின.

ஏன் பாலாறு இந்த உப்பைத் தாங்கவில்லை என்பதை நிலவியல் சொல்லும். அடியில் கெட்டிப் பாறை, மேலே மணல். ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் மணலுக்குள்தான். மேலே ஓடாத ஆறு கழிவை அடித்துச் செல்லாது, கிணறுகளுக்குள் இறக்கும். 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாகக் கூறும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வை எடுத்துக்காட்டுகிறது. அந்நியச் செலாவணியும் வேலையும் கிடைத்தனவே என்பது அடுத்த மறுப்பு. கிடைத்தன, தீர்ப்பே அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் செலாவணி நாட்டின் கணக்கில் சேர்ந்தது, கெட்ட கிணறு உழவனின் கணக்கில் நின்றது.

இந்த நூல்களைச் சேர்த்துப் படிக்க இடமும் இங்கேயே உண்டு. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில்தான் கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ் கற்பித்தார். கவிதைக்கு இந்த ஊர்கள் அந்நியமல்ல. இங்குள்ள கல்லூரிகள் சங்கப் பாட்டையும் சாட்டர்டனையும் நிலத்தடி நீர் ஆய்வுகளையும் அந்தத் தீர்ப்பையும் ஒரே பாடமாக வைக்கவேண்டும். தமிழ்த்துறையும் வேதியியல் துறையும் சேர்ந்தே அதை நடத்தட்டும்.