ஆலை வாசலும் மஞ்சள் கடவையும்

கொழும்பில் கார் மோதிக் கால் முறிந்த ஒருவர் நட்டஈடு கேட்டு வழக்கு வைப்பதென்றால் இரண்டு ஆண்டுக்குள் வைத்துவிட வேண்டும். இந்தக் கெடுவை விதித்தது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம். அது எழுதப்பட்டபோது காலி வீதியில் ஓடியவை மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே. முதலாவது கார் இலங்கைக்கு வந்திறங்கியது 1902இல். வழக்கில் அவர் நிரூபிக்க வேண்டியதோ அதனிலும் பழையது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-டச்சுச் சட்டத்தின்படி, சாரதி கவனயீனமாக ஓட்டினார், அதனாலேயே தனக்கு இழப்பு வந்தது என்று காயப்பட்டவர்தான் காட்ட வேண்டும். சீதனம், முதுசம் என்று வந்தால் வெள்ளவத்தையில் குடியேறிய யாழ்ப்பாணத்தவருக்கு அவர்களின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பேசலாம். வீதியில் அடிபட்டால் எல்லாருக்கும் உரோமாபுரி வழிவந்த விதி ஒன்றுதான்.

பிழை யாருடையது என்று கேளாமல் ஈடு கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிது என்று யாரும் சொல்ல முடியாது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதைத்தான் செய்தது. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயப்பட்டால், முதலாளியின் கவனயீனத்தைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. எந்த உறுப்புப் போனால் உழைக்கும் திறனில் எத்தனை வீதம் போயிற்று என்று அட்டவணை சொல்லும்; கணக்குப் பார்த்துக் கொடுக்க ஓர் ஆணையாளர் இருப்பார். அதற்கு முந்திய ஆண்டுதான் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அந்த ஆலைத் தொழிலாளி ஒருவரின் கை தறியில் சிக்கினால் புதிய சட்டம் துணைக்கு வந்தது. மாலையில் வாசலைத் தாண்டி ஹெவ்லொக் வீதியில் இறங்கிய அதே மனிதரை லொறி ஒன்று மோதினால் அந்தத் துணை கிடைக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டுக் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிக்குத் திரும்பியவருக்கும் இதே நிலைதான் இருந்தது. எலும்பு முறிவதும் கூலி நின்றுபோவதும் இரண்டு இடத்திலும் ஒன்றே. இயந்திரம் வாசலுக்கு உள்ளே நின்றதா வெளியே ஓடியதா என்பதே சட்டம் கண்ட வேறுபாடு.

1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க மோட்டார் கார் கட்டளைச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு முன்மாதிரி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் அதே ஏற்பாட்டைத் தொடர்ந்தது. இதன் பயனைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தீர்ப்புக் கிடைத்தும் சாரதியிடம் காசில்லை என்ற அவலத்தை அது பெருமளவு தீர்த்தது. ஆனால் காப்புறுதிக் கம்பனி பணம் கட்டும் கடமை தீர்ப்புக்குப் பிறகே பிறக்கிறது. தீர்ப்புக்குப் போகும் வழி பழைய வழியேதான். பணப்பெட்டியில் காசு இருக்கிறது. திறப்பு மட்டும் கவனயீனத்தை நிரூபிப்பவர் கையில்.

அந்தத் திறப்பை எடுப்பது எளிதன்று. பாதசாரியின் பக்கமும் பிழை உண்டு என்று காட்டிவிட்டால் வழக்கே விழுந்துபோகலாம் என்பதே முன்னைய நிலை. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் பிழையைப் பங்கு பிரித்து ஈட்டைக் குறைக்கும் முறை வந்தது. சாட்சியமோ பெரும்பாலும் பொலிஸார் எழுதும் வாக்குமூலத்திலும் வரையும் படத்திலும் தங்கியிருக்கிறது. மோதுண்டவர் மயங்கி வைத்தியசாலைக்குப் போயிருக்க, நின்று விளக்கம் சொல்பவர் சாரதி. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. தமிழும் அரச கரும மொழியென்று அரசியலமைப்பு ஏற்றது 1987இன் 13ஆவது திருத்தத்தில். சிங்களத்தில் எழுதப்பட்ட தன் வாக்குமூலத்தையே வாசிக்க இயலாத ஒருவர்மீது நிரூபிக்கும் பொறுப்பைச் சுமத்துவதன் பாரம் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நன்றாகப் புரியும்.

ஆகவே வீதி விபத்துக்கும் பிழை பாராமல் ஈடு கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் சாரதிமார் பொறுப்பற்று ஓட்டுவார்களே என்பது முதல் மறுப்பு. இன்றும் தீர்ப்புப் பணம் பெரும்பாலும் சாரதியின் சட்டைப்பையிலிருந்து வருவதில்லை. அவரை அடக்குபவை குற்றவியல் வழக்கும் அனுமதிப்பத்திரம் பறிபோகும் அச்சமுமே, அவற்றில் எதையும் தளர்த்த வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வீதியில் இறங்குபவருக்கும் கொடுப்பதா என்பது இரண்டாவது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் போதையில் இருந்தவர் போன்றோருக்கு விலக்கு வைத்தது, இங்கும் வைக்கலாம். காப்புறுதிக் கட்டணம் ஏறும் என்பதே கனமான மறுப்பு. ஆம், ஏறும். ஆனால் அந்தச் செலவு இன்று இல்லாமலில்லை. அரச வைத்தியசாலை இலவசமாகக் கட்டுப்போட்டு அனுப்புகிறது. ஆறு மாதக் கூலியை எவரும் தருவதில்லை. அதை அடகுக் கடையில் நகை வைத்து அந்தக் குடும்பமே கட்டுகிறது. முழு நட்டஈட்டுக்கான பழைய வழக்கு முறையை ஒழிக்க வேண்டியதுமில்லை. இந்தியா 1956இல் விபத்து நட்டஈட்டுக்குத் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. 1982இல் மரணத்துக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் பிழை கேளாமல் கொடுக்கச் செய்தது. அதற்கு மேல் வேண்டுவோர் நிரூபித்துப் பெறலாம்.

2022இல் இலங்கை தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தைத் திருத்தி, வேலைக்குப் போகையிலும் வீடு திரும்புகையிலும் நேரும் விபத்தையும் அதற்குள் சேர்த்தது. ஆலை வாசலில் நின்ற விதி எண்பத்தெட்டு ஆண்டு கழித்து வீதிக்கு வந்துவிட்டது. விந்தை என்னவென்றால், விபத்தில் எந்தப் பங்குமில்லாத முதலாளி பிழை கேளாமல் கொடுக்க வேண்டும்; மோதிய வாகனத்தின் காப்புறுதியோ பிழை நிரூபிக்கப்படும்வரை காத்திருக்கும். வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் மஞ்சள் கடவையில் வேலை முடிந்து வரும் எழுதுவினைஞர் ஒருவரும், மரக்கறிப் பையோடு ஓர் அம்மாவும் சேர்ந்து இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வான் இருவரையும் மோதினால் எழுதுவினைஞர் ஆணையாளரிடம் போகலாம். அந்த அம்மா 1871ஆம் ஆண்டுக் கெடுவுக்குள் சாட்சி தேட வேண்டும்.